எட்டாம் வகுப்பு நடத்திய ஓட்டல்கள்

எங்கள் பள்ளியில் கணினிக்கென்று தனி ஆசிரியர் இல்லை. கணக்கு எடுக்கிற என் தலையில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை கணினி அறையும் விழுந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தகவல் தேடவும், தேடியதை நாலு பேர் முன்னால் நின்று எடுத்துச் சொல்லவும் பழக்க வேண்டும். இதற்கு வழக்கமாகத் தருகிற தலைப்புகள் உண்டு: சுற்றுச்சூழல் மாசு, மழைநீர் சேகரிப்பு, சோழர் காலக் கோயில்கள். பிள்ளைகளும் வழக்கமான வேலையைத்தான் செய்வார்கள். தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து, மொத்தமாக நகலெடுத்து, ஒட்டிக் கொண்டுவருவார்கள். அங்கே ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் ‘தொகு’ என்று ஒரு இணைப்பு இருக்குமே, அதுவும் சேர்ந்து வந்துவிடும். “காரணங்கள் தொகு, விளைவுகள் தொகு” என்று ஒரு பையன் வகுப்பின் முன்னால் கணீரென்று வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை, எல்லோர் தாளிலும் அதே ‘தொகு’ இருந்ததால்.

பையனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? மாசுபாட்டைப் பற்றி எழுது என்றால் விடை தயாராக இருக்கிறது, எடுத்துக் கொடுத்துவிட்டான். எனக்கு வேண்டியிருந்தது, முழு விடையாக எங்கும் எழுதி வைக்கப்படாத, ஆனால் துண்டு துண்டாக எல்லா இடத்திலும் கிடைக்கிற ஒரு கேள்வி. அதோடு, அந்த விஷயத்தில் பிள்ளைகளுக்கு ஏற்கனவே ஒரு அபிப்பிராயமும் இருக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் பரோட்டாவைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் இருக்காது. அப்படி வந்ததுதான் கற்பனை ஓட்டல்.

நாலு பேர் ஒரு குழு. கையில் 5 லட்சம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். கடை நம்ம ஊரில், உண்மையிலேயே இருக்கிற ஒரு தெருவில் அமைய வேண்டும். பட்டியலில் பத்துப் பண்டத்துக்கு மேல் கூடாது. தாளில் எந்த எண்ணை எழுதினாலும் அதற்குப் பக்கத்தில் எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுத வேண்டும். ஓட்டல் மட்டும்தான் கற்பனை, மற்றதெல்லாம் நிஜம்.

பெயர் வைப்பதிலேயே முதல் வகுப்பு முடிந்துபோனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தேடல் தொடங்கியதும் பாதிக் குழுக்கள் யூடியூபில் போய் உட்கார்ந்தன. மாதம் மூன்று லட்சம் லாபம் என்று சிவப்பு எழுத்தில் போட்ட படங்கள். மற்றவர்கள் ஆங்கிலத்தில் தட்டினார்கள், விடை டாலரில் வந்தது. ஒரு குழு டாலர் குறியை மட்டும் அழித்துவிட்டு ரூபாய் என்று எழுதி வைத்திருந்தது. “டீச்சர், நமக்குக் கொடுத்த காசுல நாலு கடை வைக்கலாம்” என்று ஒரே சந்தோஷம்.

“ஓட்டல் ஆரம்பிக்க எவ்வளவு செலவாகும்” என்ற அவர்களுடைய கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். இந்தக் கேள்விக்கு உங்கள் அப்பா அம்மா பதில் சொல்வார்களா என்று கேட்டேன். “எந்த ஓட்டல், எங்கனு கேப்பாங்க” என்றாள் ஒரு பெண். சரி, கூகுள் அப்படித் திருப்பிக் கேட்காது, அதனால் அதையும் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். அந்த ஒற்றைக் கேள்வியை உடைத்தோம். கடை அட்வான்ஸ், வாடகை, தோசைக்கல், பாத்திரம், சிலிண்டர், மாஸ்டர் சம்பளம், சப்ளையர் சம்பளம், மைதா, எண்ணெய். உடைத்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதில் இருந்தது. பதினைந்து வார்த்தையில் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் மூன்று வார்த்தைக்கு வந்தார்கள்.

இந்தத் திட்டத்தில் நான் எதிர்பார்க்காத பெரிய பாடமாக அமைந்தது ஜிஎஸ்டி. ஓட்டல் பில்லில் வரி எவ்வளவு என்று தேடியதில் ஒரு குழுவுக்கு 18 சதவீதம் கிடைத்தது, இன்னொன்றுக்கு 12, வேறொன்றுக்கு 5. மூன்று குழுவும் பக்கத்தைத் திறந்து காட்டி, நாங்கள்தான் சரி என்று சண்டைக்கு நின்றன. தீர்ப்புச் சொல்லாமல், அந்தப் பக்கம் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். தேதியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சில இடத்தில் தலைப்புக்குக் கீழே இருந்தது, சில இடத்தில் பக்கத்தின் அடியில், சில இடத்தில் இல்லவே இல்லை. கடைசியில் வெளியே வந்தது இதுதான்: 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஓட்டலுக்கு 18, ஏசி இல்லாததற்கு 12. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் சாதாரண ஓட்டல்களுக்கெல்லாம் 5 என்று ஆக்கிவிட்டார்கள். ஆக மூன்று பக்கமும் பொய் சொல்லவில்லை. எழுதிய நாளில் அவை சரி. 18, 12 என்று சொன்ன பக்கங்களைப் பிறகு ஒருவரும் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

18 சதவீதக் குழுவின் தலைவன் அதோடு விடவில்லை. நாம் வரி கட்டத்தான் வேண்டுமா என்று தேடப் போனான். சேவை சார்ந்த தொழிலுக்கு ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பதிவு கட்டாயமில்லை என்று அரசுப் பக்கத்திலிருந்தே எடுத்து வந்தான். அவன் குழுவின் கணக்குப்படி ஒரு நாள் வியாபாரம் 4,000 ரூபாய், வருடத்தில் 300 நாள். 12 லட்சம்தான் வருகிறது. அதுவரை அவர்கள் ஒவ்வொரு தோசையின் மீதும் 18 சதவீதம் ஏற்றி வைத்திருந்தார்கள். எல்லா விலையையும் அழித்துத் திரும்ப எழுதினார்கள். ஒரு எண் தப்பினால் தோசை விலையே மாறும் என்பதை நான் வாயால் சொல்லியிருந்தால் ஏறியிருக்காது.

சிலிண்டரிலும் இதே கூத்து. வீட்டு சிலிண்டர் விலையைப் போட்டிருந்தார்கள். கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்க வேண்டும், 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் கூடாது. கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. கணக்கு டீச்சராக எனக்கு அது நல்ல நாள்.

பரோட்டாக் கடை போட்ட குழுவுக்கு வந்தது வேறு சோதனை. மைதாவில் அலாக்சான் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, சாப்பிட்டால் சர்க்கரை நோய் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்காத வீடு இந்தப் பக்கம் இல்லை. பக்கத்துக் குழு அதைப் பிடித்துக்கொண்டு இவர்களை ஓட்ட, இவர்கள் தேடப் போய், உண்மைதான் என்று சோர்ந்து திரும்பினார்கள். எத்தனை இடத்தில் பார்த்தீர்கள் என்றேன். நிறைய இடத்தில் என்றார்கள். அந்தப் பக்கங்களை வரிசையாகத் திறந்து ஒரே ஒரு பத்தியை மட்டும் வாசிக்க வைத்தேன். வாசிக்க வாசிக்க, “டீச்சர், எல்லாத்துலயும் ஒரே எழுத்துப்பிழை” என்று ஒருத்தி கத்தினாள். ஒரு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், அதே வாக்கியம் அச்சு மாறாமல் பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. நிறைய இடம் இல்லை, ஒரே இடம்தான், பலர் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மாசுபாடு கட்டுரையில் தாங்கள் செய்த அதே வேலையைப் பெரியவர்களும் செய்கிறார்கள் என்பது அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அப்புறம் அந்த வேதிப்பொருளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடச் சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைக்க அதை ஊசி மூலம் செலுத்துகிறார்கள் என்பது நிஜம். அந்த ஊசியிலிருந்து நம்ம ஊர்ப் பரோட்டாக் கல்லுக்கு ஒரே தாவாகத் தாவியதுதான் கதை. குழு துள்ளிக் குதித்தது, ஆனால் நான் விடவில்லை. மைதாவைப் பற்றித் தனியாகவும் தேடச் சொன்னேன். நார்ச்சத்து குறைவு, ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும் என்று கிடைத்தது. வதந்தி பொய் என்பதால் பரோட்டா சத்துணவாகிவிடாது. இந்த இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிவிட்டு, பட்டியலில் கோதுமைப் பரோட்டாவையும் சேர்த்தார்கள். எண்ணெயிலேயே பொரித்து எடுக்கிற எங்கள் ஊர்ப் பரோட்டாவை அவர்கள் கைவிடவில்லை. கைவிடச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

ஒரு கிலோ மைதாவுக்கு எத்தனை பரோட்டா வரும்? இந்தச் சின்னக் கேள்விக்கு இணையம் கை விரித்தது. ஆளுக்கொரு எண் சொன்னார்கள். குழுவில் ஒரு பெண்ணின் அம்மா மெஸ்ஸில் சமையல் வேலை செய்கிறவர். அவள் மெதுவாக, “உருண்டை எத்தனை கிராம்னு முதல்ல கேளுங்க, அம்மா அப்படித்தான் கணக்குப் போடும்” என்றாள். தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து ஒரு கிலோ மைதா ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மாவாகும், உருண்டை 80 கிராம் என்றால் இருபது வரும். கணக்கு சுத்தமாக இருந்தது. ஆனாலும் பையன்கள் ஏற்கவில்லை. நெட்டில் இல்லையே, எங்கே கிடைத்தது என்று என்னத்தை எழுதுவது?

எழுதலாம் என்றேன். யூடியூபில் முகம் காட்டுகிறவர் ஆதாரம் என்றால், வருடக்கணக்காக மாவு பிசைகிறவர் ஏன் ஆதாரம் இல்லை? “தகவல் தந்தவர்: குழு உறுப்பினரின் அம்மா, மெஸ் சமையலர், நேரில் கேட்டது” என்று எழுதித் தேதியும் போட்டோம். அதன் பிறகு வகுப்பே கிளம்பிவிட்டது. மளிகைக் கடை, பேருந்து நிலையத்து டீ மாஸ்டர், காலிக் கடை வைத்திருக்கிற பக்கத்து வீட்டுத் தாத்தா என்று எல்லோரும் ஆதாரமானார்கள். இணையத் தேடல் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பிள்ளைகள் இணையத்தை விட்டு எழுந்துபோனதுதான்.

ஒரு குழு மட்டும் இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம் என்று அண்ணனின் கைபேசியில் ஏஐயிடம் முழுத் திட்டத்தையும் எழுதி வாங்கியது. தமிழ் பிரமாதம். ‘இலக்கு வாடிக்கையாளர்கள்: இளம் தொழில் வல்லுநர்கள்’ என்று இருந்தது. “நம்ம ஊர்ல அது யாரு?” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். குழுவுக்குப் பதில் தெரியவில்லை. ஏஐயைத் தடை செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நம்ம தெருவில் ஒரு ஆளையோ ஒரு விலையையோ காட்டுங்கள் என்று திருப்பி அனுப்பினேன். பாதி வரிகள் உதிர்ந்துபோயின.

எடுத்துச் சொல்கிற வகுப்புகளுக்கு விதி ஒன்றே ஒன்று வைத்தேன்: திரையில் முழு வாக்கியம் இருக்கக் கூடாது. எண், பெயர், படம் மட்டும். வாக்கியம் இருந்தால் பிள்ளைகள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைத்தான் வாசிப்பார்கள், பெரியவர்களும் அப்படித்தான். படம் அவர்களே எடுத்ததாக இருந்தால் கூடுதல் மதிப்பெண். கூகுளில் எடுத்த பிரியாணிப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் அது எந்த ஊர்க் கடையுடையது என்று தெரிந்துவிடும் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் வீட்டுத் தோசையே நிறையத் திரைக்கு வந்தது, கருகிய ஓரத்தோடு.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை வேண்டுமே. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு லட்சம் கற்பனைப் பணம், தங்கள் கடையைத் தவிர வேறு எதில் வேண்டுமானாலும் முதல் போடலாம் என்றேன். பணம் என்றதும் காது நன்றாகக் கேட்கத் தொடங்கியது. “பார்சல் எதுல கட்டுவீங்க?” என்ற கேள்விக்குப் பிளாஸ்டிக் கவர் என்று சொன்ன குழு மாட்டிக்கொண்டது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பது கேட்டவனுக்குத் தெரிந்திருந்தது, அவன் கடையில் வாழை இலை. பிரியாணிக் கடைக்காரர்களிடம் ஒருத்தி, “புரட்டாசி மாசம் என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள். முன்னால் நின்றவன் அசரவில்லை. புரட்டாசியில் கறிக்கோழி விலை இறங்கிய பழைய செய்திகளைப் பார்த்து வைத்திருந்தான், அந்த மாதம் காளான் பிரியாணி என்றான். முட்டை விலை கேட்டபோதும் நாமக்கல் மண்டலத்துக்கு அன்றைக்கு அறிவித்திருந்த விலையைச் சொன்னான். கூச்சம் போக்கப் பயிற்சி, உடல்மொழி என்றெல்லாம் நாங்கள் ஆசிரியர்களுக்கான வகுப்புகளில் கேட்டிருக்கிறோம். எனக்கென்னவோ, சொல்கிற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிள்ளைக்குக் கை நடுங்குவதில்லை.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஓட்டல் வைக்கவா பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். டிபன் கடை நடத்துகிற ஒரு அப்பா நேரிலேயே வந்து, “நான் படுற பாடு போதாதா டீச்சர், இவனுக்கும் இதையேவா சொல்லிக் கொடுப்பீங்க?” என்றார். அவர் வருத்தம் நியாயமானது. இது தொழில் பாடம் இல்லை, தேடல் பாடம் என்று விளக்கிவிட்டு, கடைசி நாளில் வந்து உட்காரச் சொன்னேன். வந்தார்.

முடிந்ததும் கேள்வி கேட்கலாமா என்றார். “கடன் சொல்லிட்டுச் சாப்பிட்டுப் போறவங்களுக்கு எந்த வரியில கணக்கு எழுதியிருக்கீங்க?” ஒரு குழுவின் தாளிலும் அந்த வரி இல்லை. உடனே நாலைந்து பேர் கணினியிடம் ஓடி, ஓட்டல் கடன் பாக்கி எவ்வளவு சதவீதம் என்று தட்டினார்கள். ஒன்றும் சரியாகக் கிடைக்கவில்லை. திரும்பி வந்து, தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எந்தத் தெரு, யார் யாருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதில் தொடங்கி அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். மணி அடித்தும் யாரும் எழவில்லை, அடுத்த பாடவேளைக்கு வந்த ஆசிரியர் வாசலில் நின்றார். இந்த வருடம் கணக்குத் தாளில் கடன் பாக்கிக்கு ஒரு வரி போட்டே கொடுக்கிறேன். அதில் என்ன எண் போடுவது என்று மட்டும் சொல்வதில்லை.