வலை இழுத்ததும் கணக்கில் சேரும்

காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 100 மீட்டருக்கு 28 விநாடி, 400 மீட்டர் வட்டம் ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. ஒழுங்காகப் பழகிய இளைஞனுக்கு எட்டாத வேகம் இல்லை. ஆனாலும் தினமும் அதே 1500-ஐ உயிரைக் கொடுத்து ஓடி, தேர்வு நாளில் செத்த காலோடு வந்து நிற்பவர்கள் உண்டு. நம் கரையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. மீன்பிடித் தொழிலுக்குப் போய் வந்த அலுப்பை யாரும் பயிற்சியாக எண்ணுவதில்லை.

எண்ணிப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் பரப்பிய முறை அது. வேலை முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 40 நிமிட ஓட்டம், மதிப்பெண் 7 என்றால் 280. கரைவலை மூன்று மணி நேரம் இழுத்திருக்கிறீர்கள், மதிப்பெண் 5 என்றால் 180 × 5 = 900. “இன்னைக்கு ஓடினது கம்மிதான்” என்று சாயங்காலம் கூடுதலாக நாலு ரவுண்டு அடிப்பவர், ஏற்கெனவே மூன்று ஓட்டத்துக்கு மேல் ஓடி முடித்தவர்.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வரும். வாரத்தில் மூன்று இரவு சரியான தூக்கம் கிடையாது. இந்த வேலையில் இருப்பவருக்குக் கடினப் பயிற்சிக்கான நாள் வெள்ளி ஒன்றுதான். செவ்வாயும் ஞாயிறும் கரைக்கு வந்ததும் தூங்க வேண்டும். சாயங்காலம் 25 - 30 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஒரு மெல்லோட்டம் போதும். வியாழன் அதுவும் வேண்டாம். வாரம் ஒரே ஒரு கடின நாளா என்று மலைக்க வேண்டாம். படகில் செய்வது மீதியை ஈடுகட்டிவிடும்.

ஓய்வில் உள்ளே என்ன நடக்கிறது? தசையில் தீர்ந்துபோன சர்க்கரைச் சேமிப்பு, வயிறார மாவுச்சத்து சாப்பிட்டாலும் நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். தசை வலி மறுநாளை விட இரண்டாம் நாள் அதிகமாக இருப்பதும் இயல்பு. எலும்பு கதை வேறு. புதிய பாரம் விழுந்ததும் உடம்பு முதலில் பழைய எலும்பை அரித்து எடுக்கிறது, அதற்குச் சுமார் மூன்று வாரம். அந்தப் பள்ளத்தில் புது எலும்பு கட்டி முடிக்க மூன்று மாதம் வரை ஆகும். அதனால்தான் மூச்சும் தசையும் பழகி, “இப்பதான் பிக்கப் ஆகுது” என்று தோன்றும் மூன்றாவது, நாலாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நோகத் தொடங்குகிறது. எலும்பின் உள்விளிம்பு நெடுக விரலால் அழுத்திப் பாருங்கள். நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். காசு அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, அந்தக் காலால் நொண்டி அடிக்க முடியாமல், ராத்திரியும் வலித்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். ஆற ஆறு முதல் எட்டு வாரம். இந்த நிலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. வியர்த்து வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

மணலுக்கு வருவோம். காய்ந்த, கால் புதையும் மணலில் ஓட, கெட்டித் தரையைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமான சக்தி செலவாகும். அரியமான் கரையில் 20 நிமிடம் ஓடியதை ரோட்டில் 30 நிமிடம் ஓடியதாகவே எழுதிக்கொள்ளுங்கள். கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும்தான் முதலில் அடி வாங்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு வாரம் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் போதும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் பள்ளத்தில் மிதித்து, முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ளும். போன தூரத்தையே திரும்பி ஓடுங்கள். நேரம் பார்த்து ஓடும் ஓட்டத்தைக் கிரவுண்டில் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வும் மணலில் நடப்பதில்லை.

தினமும் காலை எழுந்திருக்கும் முன், படுத்தபடியே ஒரு நிமிடம் நாடி பிடித்து எழுதுங்கள். ஏழு நாள் சராசரிதான் உங்கள் அளவு. அதைவிட ஐந்து துடிப்பு கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால் அன்று மெல்லோட்டம் மட்டும். பத்து கூடினால் முழு ஓய்வு. காய்ச்சல் வரப்போனாலும், முந்தின ராத்திரி குடித்திருந்தாலும், தண்ணீர் போதாவிட்டாலும் நாடி ஏறும் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். தூக்கம் கலைவது, மீன் குழம்பைக் கண்டும் பசிக்காதது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, அதே வேகத்துக்கு அதிகம் மூச்சு வாங்குவது ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு வாரம் பயிற்சியைக் குறைத்ததும் ஓட்ட நேரம் பழையபடி வந்தால் அது சாதாரண அலுப்பு. மூன்று வாரம் ஓய்ந்தும் தேறவில்லை என்றால் தேற மாதக் கணக்கு ஆகக்கூடிய வகை. இதைக் கண்டுபிடிக்கத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இல்லை என்று மருத்துவர் ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவுக்கு வருவார். பெண்களுக்கு மூன்று மாதம் மாதவிலக்கு நின்றால், செலவாகும் சக்திக்குச் சாப்பாடு போதவில்லை என்பது முக்கியமான காரணமாக இருக்கலாம். ஓடுவதால் நின்றது, பரவாயில்லை என்று விடக்கூடாது.

ஓய்வு நாளில் சோற்றைக் குறைப்பவர்கள் உண்டு. நிரம்ப வேண்டிய நாளே அதுதான், குறைக்காதீர்கள். சூடையோ சாளையோ தினம் கிடைக்கும் ஊரில் புரோட்டீன் டப்பாவுக்குக் காசு கொட்டவும் அவசியமில்லை. ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்புச் சேர்ந்த சாப்பாட்டோடு குடிக்க வேண்டும். கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிவதால் உடம்பு குளிராது. நோன்பு மாதத்தில் கடின ஓட்டத்தை நோன்பு திறந்த பிறகு வையுங்கள், அளவையும் பாதியாக்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுத் தொழிலாளிக்கு நல்ல வாய்ப்பு. முதல் நாளே 300 தண்டால், 300 பஸ்கி என்று இறங்குவதுதான் ஆபத்து. மறுநாள் தசை வீங்கி, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள், அந்த நேரமே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எட்டு வாரத்தை இரண்டாகப் பிரியுங்கள். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாலாவது வாரம் அளவைப் பாதியாக்குங்கள், பிறகு மறுபடி அதே வரிசை. படகு மராமத்து நடக்கும் நாள்களையும் மதிப்பெண் போட்டு எழுதுங்கள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து மொத்த ஓட்டத்தைப் பாதியளவு குறைத்து, வேகத்தை மட்டும் அப்படியே வைத்திருங்கள். 400 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடியில் மூன்று முறை, நடுவில் நாலு நிமிட நடை, அவ்வளவுதான் அந்த வாரத்துக் கடின வேலை. தேர்வில் வரும் கயிறு ஏறுவதைக் கடைசி நாலு நாள் தொடவே வேண்டாம். அந்த நாலு நாளுக்குப் படகில் உங்கள் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடிப்பதும் வலையைப் பிடிப்பதும் ஒரே முன்கைதான்.