மார்க்ஸ் கார்டோடு வருகிறவர்கள்

பியூசி (பிளஸ் டூ) ரிசல்ட் வந்தால் போதும், யாராவது ஒரு அப்பா மகளின் மார்க்ஸ் கார்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நிற்பார். பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் குடியிருக்கிறேன், சொந்த ஊர் தங்கச் சுரங்கம் இருந்த தங்கவயல் (கேஜிஎஃப்). அங்கிருந்து வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் எங்களைச் சுற்றி நிறைய. நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ், அதனால் நர்சிங் பேச்சென்றால் என்னிடம்தான் வருவார்கள். கேள்வியும் வருடா வருடம் ஒன்றுதான்: "பிஎஸ்சி சேர்க்கட்டுமா, ஜிஎன்எம் சேர்க்கட்டுமாம்மா?" பிஎஸ்சி என்றால் நர்சிங் டிகிரி, ஜிஎன்எம் என்றால் நர்சிங் டிப்ளமோ.

எனக்கு இப்படி யோசிக்கவே வாய்ப்பில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள், அதற்கப்புறம் அப்பாவுக்கு நிலையாக ஒரு வேலை அமையவில்லை. கணக்கெழுதும் வேலையாவது சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பியூசியில் காமர்ஸ் எடுத்தேன். 2005இல் நர்சிங் படிக்கலாம் என்று ஆசை வந்தபோது பிஎஸ்சிக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜிஎன்எம்முக்கு எந்த குரூப்பும் பரவாயில்லை. ஆக, நான் ஜிஎன்எம்மைத் தேர்ந்தெடுத்தேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள முடியாது, எனக்கு மிச்சமிருந்தது அதுதான்.

ஆனால் நான் சேர்ந்தது ஒரு பழைய தர்ம ஆஸ்பத்திரியை ஒட்டிய நர்சிங் ஸ்கூல். காலை ஆறரைக்கு நாங்கள் வார்டில் இருக்க வேண்டும். பெட் பாத், பெட் மேக்கிங், யூரின் பேக் அளந்து எழுதுவது என்று முதல் வருடம் முழுக்க இடுப்பு ஒடியும். அப்போது திட்டித் தீர்த்திருக்கிறேன். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் ராத்திரி, ஓசூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியைத் துடைத்துவிடும்போது கை சில்லென்று வியர்த்திருந்தது, பேச்சும் குழறியது. உடனே சுகர் பார்க்கச் சொன்னேன், 41தான் இருந்தது, ரொம்பக் குறைவு. டாக்டர் வந்து டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றினார், கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டி என்னைப் பார்த்து "யாருடி நீ" என்றது. வகுப்பில் ஹைப்போகிளைசீமியா, அதாவது சுகர் இறங்கிப்போவது பற்றிய பாடம் நடத்தியிருந்தார்கள்தான். ஆனால் அந்த வியர்வையை என் கை முன்னாடியே நான்கைந்து பேரிடம் தொட்டுப் பார்த்திருந்தது.

இப்போது என் வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் நான்கு வருடம் பிஎஸ்சி படித்தும் ஒரு கேனுலாகூட (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் குழாய்) போடாமல் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. காலேஜுக்கென்று சொந்த ஆஸ்பத்திரி பெயரளவில்தான் இருக்கும், போஸ்டிங் (வார்டு பயிற்சி) என்று பஸ்ஸில் ஏற்றி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஒரு கட்டிலைச் சுற்றி பன்னிரண்டு பேர் நிற்பார்கள், தாங்களே பார்த்த கேஸ்களை எழுத வேண்டிய கேஸ் புக்கை சீனியர் நோட்டைப் பார்த்து நிரப்புவார்கள். அதே பிஎஸ்சியை நல்ல ஆஸ்பத்திரியோடு சேர்ந்த காலேஜில் படித்து வந்தவள் இரண்டே மாதத்தில் எனக்கே பாடம் எடுப்பாள். மருந்து ஏன், எதற்கு என்று அவள் யோசிக்கிற விதம் எனக்கு வர ரொம்ப நாளானது.

அதனால் மார்க்ஸ் கார்டோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கோர்ஸ் பெயரை இல்லை, ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது, எத்தனை பெட் என்று. ஏஜென்ட் கொடுத்த பளபள நோட்டீஸில் இது இருக்காது. காலையில் காலேஜ் வாசலில் போய் நின்று மூன்றாம் வருடப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, "எத்தனை பிரசவம் நீயே பார்த்தேம்மா?" என்று கேட்கச் சொல்வேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள் என்றும் சொல்வேன். என்னுடையதை, நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் வேலையை விட்டுப் போகக் கூடாது என்கிற பாண்டு என்று சொல்லி இரண்டு வருடம் பூட்டி வைத்திருந்தார்கள், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

டிகிரி வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக ஓடுகிற வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே டியூட்டி, சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. (50 பெட்டுக்கும் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த கமிட்டி 2016இல் பரிந்துரைத்தது. பரிந்துரைதானே, இன்றைக்கும் அதைக் கேட்டால் சிரிக்கிற மேனேஜ்மென்ட் உண்டு.) வித்தியாசம் தெரிவது மேலே ஏறும்போது. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பரீட்சைக்கு பிஎஸ்சி முடித்தவள் நேராக எழுதலாம், ஜிஎன்எம் என்றால் 50 பெட்டாவது உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். டீச்சிங் பக்கம் போக நினைத்தாலும் டிகிரி இல்லாமல் கதை நடக்காது. நானே 2013இல் வேலையை விட்டுவிட்டு ஜிஎன்எம் முடித்தவர்கள் டிகிரி வாங்கப் படிக்கிற போஸ்ட் பேசிக் பிஎஸ்சியை இரண்டு வருடம் படித்தேன், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு. மொத்த வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நேராக பிஎஸ்சி படித்தவளைவிட எனக்கு ஒன்றரை வருடம் கூடுதல்.

அப்புறம் அந்த ஆறு மாத "நர்சிங் கோர்ஸ்" போர்டுகள். அதைப் படித்தால் நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது, அதைச் சொல்லாமல் பணம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. ஏஎன்எம் (துணை நர்ஸ் படிப்பு) அப்படியில்லை, இரண்டு வருடம் ஒழுங்கான படிப்பு, ஆனால் அது கிராமத்து சுகாதார வேலைக்கானது. பெரிய ஆஸ்பத்திரி ஐசியுவை மனதில் வைத்துக்கொண்டு அதில் சேரக் கூடாது.

இந்த வருடம் வந்த அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் சயின்ஸ் குரூப், நல்ல மார்க். பிஎஸ்சி பணத்துக்கு லோன் போடலாமா என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. விசிட்டர் நேரத்தில் ஒரு தடவை வார்டுக்கு வந்து பாரும்மா என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஓரமாக நின்று கால்மணி நேரம் பார்த்தாள், பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு தாத்தாவின் கட்டிலைத் தாண்டும்போது மட்டும் நின்றாள்.

"அக்கா, அவருக்கு ஏன் கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி வச்சிருக்கீங்க?"

"குதிகால் மெத்தையில அழுந்திக்கிட்டே இருந்தா புண்ணாகிடும்மா."

குனிந்து குதிகால் மெத்தையில் படுகிறதா என்று பார்த்தாள். இடது கால் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தது. அதை நானும் கவனிக்கவில்லை.