சராசரியை மட்டும் பார்த்தா...

நேத்து ராத்திரி மச்சானோட சண்டை. உலகத்திலேயே பெரிய பவுலர் யாருன்னு சராசரியை வச்சே சொல்லிடலாமாம். சரி, அப்படின்னா இங்கிலாந்தோட ஜார்ஜ் லோமன்தான்டா! 18 டெஸ்ட், 112 விக்கெட், சராசரி 10.75 (அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்; கம்மியா இருந்தாத்தான் நல்லது). பேரைக் கேட்டதும் திருதிருன்னு முழிச்சான்.

லோமன் ஆடினது 1886-ல இருந்து 1896 வரைக்கும். அப்போ பிட்ச்சை மூடி வைக்கிற வழக்கமெல்லாம் இல்ல. மழை பெஞ்சு காய ஆரம்பிச்சா பேட்ஸ்மேன் பாடு திண்டாட்டம்தான். முரளி 133 டெஸ்ட் ஆடி 800 விக்கெட், சராசரி 22.72. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியுமா? அந்தந்தக் காலத்து மத்த பவுலர்களோட ஒப்பிட்டுப் பாருடான்னேன்.

(பேட்டிங்ல இந்த வம்பே இல்ல. ஆஸ்திரேலியாவோட பிராட்மன், சராசரி 99.94; இங்க ஜாஸ்தியா இருந்தாத்தான் நல்லது. எந்தக் காலத்துக் கணக்குல போட்டாலும் மனுஷன் தனியா நிக்கிறார்.)

மச்சான் இன்னும் போன்ல லோமனைத் தேடிக்கிட்டிருக்கான்.