நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை

திருகோணமலையில் ஒரு முன்பள்ளிக்குப் படக்கதைப் புத்தகங்கள் தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகு, எழுத்தைக் கடைசியாக வாசிக்கப் பழகிக்கொண்டேன். கடையில் நின்றபடி எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, படங்களை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பேன். யாருக்கு என்ன நடந்தது என்று விளங்குகிறதா? அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை பரபரக்கிறதா? அதன் பிறகுதான் கையை எடுப்பேன். படத்தில் கண்டதையே எழுத்தும் ஒப்புவிக்கிறது என்றால் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இதை எனக்கு விளங்கவைத்தது பாட் ஹட்சின்ஸ் 1968இல் எழுதி வரைந்த 'ரோஸிஸ் வாக்'. ரோஸி என்ற கோழி உலாவப் புறப்படுகிறது. முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோற்போரின் மேலாக நடந்து, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. ஆங்கிலத்தில் மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். பின்னால் பதுங்கிப் பதுங்கி வரும் நரியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நரி வாரியை மிதித்து மூக்கில் அடி வாங்குவதும், குளத்தில் விழுவதும், மாவில் குளிப்பதும் படத்தில் மட்டும்தான். நான் கோழியைப் பற்றித் தமிழில் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். பாயில் இருக்கும் பிள்ளைகளோ “டீச்சர், பின்னால்! பின்னால்!” என்று குதிப்பார்கள். டீச்சருக்கும் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரிந்துவிட்டது என்ற பெருமை அவர்களுக்கு. வாய் திறக்காத பிள்ளையும் அந்த இடத்தில் வாய் திறந்துவிடும். நீதிக்கதை எதுவும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

பெற்றோருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. பேரனைக் கூட்டிப்போக வந்த அம்மம்மா ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் பிள்ளை, காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், எழுத்தையே காணவில்லையே” என்று கேட்டார். நான் விளக்கம் சொல்லவில்லை. பேரனையே அம்மம்மாவுக்கு அந்தப் புத்தகத்தைச் ‘சொல்லிக்காட்ட’ விட்டேன். அவன் விடாமல் சொல்லி முடிக்கும்வரை ஓட்டோ வாசலில் காத்து நின்றது.

மலிவுப் புத்தகங்களில் எனக்குப் பொல்லாத கோபம். கணினியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து ஒட்டிய படங்கள். மூன்றாம் பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்டிருக்கும் பையன் ஐந்தாம் பக்கத்தில் நீலச் சட்டையில் நிற்பான். பெரியவர்கள் கவனிப்பதில்லை. பிள்ளைகள் விடமாட்டார்கள்: “குளித்துவிட்டு மாற்றிக்கொண்டானா, டீச்சர்?” அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. வரைந்தவர் அதைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டார்.

நம் ஊர்ப் படங்கள் உள்ள புத்தகங்களை மட்டும்தான் வாங்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் ஆடுமாடுகளைப் போலத் திரியும் ஊர் இது. ஒரு புத்தகத்தில், மனிதக் காலடி கேட்டதும் அடர்காட்டுக்குள் பாய்ந்தோடும் மான் வந்தது. ஒரு பையன் எழுந்து நின்று, மான் ஓடாது, வாழைப்பழத்தோல் கொடுத்தால் கிட்ட வந்து தின்னும் என்று அடித்துச் சொன்னான். இன்னொருத்தி, தன் அப்பாவின் கடை வாசலில் மான் படுத்திருக்கும் என்றாள். கதை அத்தோடு நின்றது. அன்று முழுவதும் மான் பேச்சுத்தான். ஆனாலும் அந்தப் புத்தகத்தை நான் ஒதுக்கவில்லை. பிள்ளைகள் மறுத்துப் பேச இடம் தரும் புத்தகம் வேறு எத்தனை கிடைக்கிறது? பனி கொட்டும் படங்களையும் அவர்கள் ஆசையாகத்தான் பார்க்கிறார்கள்.

இந்த நாட்டிலேயே பிறந்த நல்ல படக்கதை ஒன்றைச் சொல்வதென்றால், சிபில் வெத்தசிங்க 1956இல் சிங்களத்தில் ஆக்கிய குடைத் திருடன் கதையைச் சொல்வேன். குடையே அறியாத கிராமத்துக்குக் கிரி மாமா பட்டணத்தில் இருந்து குடை வாங்கி வருகிறார். வாங்கி வருவதெல்லாம் களவு போகிறது. வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு மழையில் போகும் ஆட்களின் படம் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமில்லை. திருடன் யார் என்று தெரிந்த பிறகும் அவர்கள் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேடத் தொடங்குவார்கள்.

வாங்குமுன் இன்னொரு சோதனையும் உண்டு. புத்தகத்தை விரித்துச் சுவரில் சாய்த்துவிட்டு நாலடி பின்னால் போய்ப் பார்ப்பேன். பாயின் கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தெரியாத மெல்லிய கோடு, எவ்வளவு அழகாக இருந்தாலும், வீட்டில் மடியில் வைத்துப் பார்க்கத்தான் உதவும். பளபளப்புத் தாளில் யன்னல் வெளிச்சம் பட்டால் பாதிப் பக்கம் வெள்ளையாகிவிடும். இரண்டு பக்கத்துக்கு விரிந்த படத்தில் கதாநாயகியின் மூக்கு நடு மடிப்புக்குள் போயிருக்கிறதா என்றும் பார்ப்பேன். பெரிய பதிப்பகங்களின் புத்தகங்களிலும் போயிருக்கிறது!

2022இன் நெருக்கடியில் தாள் விலை ஏறியதிலிருந்து, பத்து மலிவுப் புத்தகம் வாங்கும் காசுக்கு நல்லதாக இரண்டை வாங்குவது என்று முடிவெடுத்திருக்கிறோம். ஆகவே இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும். இங்கே கடற்காற்றின் உப்பு நடுவில் அடித்த கம்பிப் பின்னைத் தின்றுவிடும். துருக்கறை படங்களில் இறங்கும். நடுப்பக்கம்தான் முதலில் கழன்று வரும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு, அதே துளைகள் வழியாகத் தடித்த பருத்தி நூலால் தைத்துவிடுகிறேன். கிழிந்த ஓரங்களுக்கு மெல்லிய தாளும் பசையும். இந்த வேலையை ஐப்பசிக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். மாரி மழை பிடித்துவிட்டால் பசை காயாது.