தனித்தியங்கும் கிராங்கும் வாட் கணக்கும்: நாட்குறிப்பு

பிப்ரவரி 3

எங்கள் பயிற்சிக் குழுவில் சைக்கிள் ஓட்டும் தம்பி ஒருவர் தனித்தியங்கும் கிராங்குகளை, அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் கைகளை, வாங்கி வந்திருக்கிறார். வழக்கமான சைக்கிளில் இரண்டு கிராங்குகளும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்திருப்பதால், கீழே இறங்கும் கால் மேலே ஏறும் காலையும் சேர்த்துத் தூக்கிவிடும். இந்தக் கருவியிலோ ஒவ்வொரு பக்கத்திலும், முன்னோக்கி மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒருவழிக் கிளட்ச் இருக்கிறது. ஒவ்வொரு காலும் தன் எடையைத் தானே தூக்கியாக வேண்டும். சில வாரப் பயிற்சியிலேயே வாட், அதாவது பெடலில் தரும் திறனின் அளவு, கணிசமாகக் கூடும் என்பது விற்பனை வாக்குறுதி.

அதைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்கு எந்தக் கிராங்கிலும் வாட் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதே நேரத்தை, அதே கடுமையைச் சாதாரணக் கிராங்கில் செலவிட்டிருந்தால் கூடியிருப்பதைவிட இது அதிகம் தருகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஆகவே, ஏறக்குறைய அதே திறனுள்ள இன்னொருவரை அதே அட்டவணையில் சாதாரணக் கிராங்கில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டே பேரை வைத்துச் செய்வது ஆய்வாகிவிடாது. ஆனாலும் ஒப்பிட ஆளே இல்லாமல் பார்ப்பதைவிட இது மேல்.

பிப்ரவரி 6

இன்று முழுவதும் அளவீட்டு வேலை. கிராங்கைச் சுழற்றும் முறுக்குவிசையை அது சுழலும் கோண வேகத்தால் பெருக்கினால் வருவதே வாட். நிமிடத்துக்கு 90 சுற்றில் 250 வாட் தர வேண்டுமானால் சராசரியாக 26.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்கில் அது சுமார் 16 கிலோ எடைக்குச் சமமான விசை. இந்த விசையால் உலோகம் மிக நுண்ணிய அளவில் வளைவதை விகார உணரிகள் கண்டுபிடிக்கின்றன. ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986-இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்த இந்த வழிதான் வாட்டை அளக்கும் இன்றைய பவர் மீட்டர்களுக்கும் அடிப்படை.

நல்ல மீட்டர்களுக்கே துல்லியம் கூடவும் குறையவும் 1 முதல் 2 சதவீதம் என்றுதான் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 250 வாட்டில் 2 சதவீதம் என்பது 5 வாட். எனவே 4 வாட் கூடியது என்று குதிப்பதில் பொருளில்லை. இடது காலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கிக் காட்டும் மீட்டரை இந்தச் சோதனைக்கு நான் ஏற்கவில்லை. கால்களின் வேலைப் பங்கீட்டையே மாற்ற வந்த கருவியைப் பாதியை அளந்து எப்படி எடைபோடுவது?

முடிவு இதுதான்: இருவருக்கும் சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் ஒரே டிரெய்னர் கருவி, ஒரே மின்விசிறி, உடலும் கருவியும் சூடேறிய பிறகு மீட்டருக்குப் பூஜ்ஜியத் திருத்தம் (விசை இல்லாதபோது பூஜ்ஜியம் காட்டச் செய்வது), சோதனை இருவருக்கும் சாதாரணக் கிராங்கில். 20 நிமிடச் சோதனையில் வலுவை முழு நேரத்துக்கும் சீராகப் பங்கிட்டு ஓட்டத் தெரிந்துகொண்டாலே எண் ஏறிவிடும் என்பதால், முதல் சோதனையைப் பழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு அடுத்ததையே தொடக்க அளவாக எடுத்தோம். தம்பிக்கு 248 வாட், மற்றவருக்கு 251.

பிப்ரவரி 12

தனித்தியங்கும் கிராங்கில் தம்பி ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மிதிப்பதை நிறுத்தியதும் இரண்டு பெடல்களும் ஒன்றாகக் கீழே தொங்குகின்றன. மீண்டும் தொடங்கும்போது கால்களை எதிரெதிராக வைத்திருப்பதே தனி வேலையாகிறது; சற்றுக் கவனம் தப்பினால் இரண்டு முழங்கால்களும் சேர்ந்தே மேலே வருகின்றன. சில நிமிடங்களில் இடுப்பின் முன்புறத் தசை இறுகி, வேகம் தளர்ந்துவிடுகிறது. மூச்சு வாங்கவில்லை, இதயத்துடிப்பும் உச்சத்துக்குப் போகவில்லை, ஆனால் கால் ஏற மறுக்கிறது. கடுமையாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓட்டும் இடைவெளிப் பயிற்சியில் அவருக்கு வைத்திருந்த இலக்கு வாட்டை எட்டவே முடியவில்லை. இந்த இழப்பையும் கருவியின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பிப்ரவரி 20

இதைப் பற்றி வெளியான ஆய்வுகளைப் படித்தேன். 2003-இல் வந்த ஒன்று, ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு உடல் செலவிடும் ஆற்றலில் பெடலுக்குப் போய்ச் சேரும் பங்கு உயர்ந்ததாகவும், உடல் உள்வாங்கும் ஆக்சிஜனின் உச்ச அளவு மாறவில்லை என்றும் சொன்னது. 2008-இல் வந்த மற்றொன்றில், சுற்றுக்குள் விசை பரவும் விதம் மாறியதே தவிர வாட் கூடவில்லை. 2007-இல் வந்த ஓர் ஆய்வு கருவியே இல்லாமல் நேரடியாக மிதிக்கும் முறையைப் பார்த்தது: பெடலை மேலே இழுத்து மிதிக்கச் சொன்னபோது விசையின் திசை சீரானது, ஆனால் ஆற்றல் சிக்கனம் குறைந்தது. 1991-இலேயே, மிகத் திறமையான ஓட்டுநர்களின் தனித்தன்மை மேலே இழுப்பதில் இல்லை, கீழே அழுத்துவதில்தான் இருக்கிறது என்று காட்டியிருந்தார்கள். வட்டமான மிதி அழகாகத் தோன்றும். ஆனால் இடுப்பை மடக்கும் சிறிய தசைகளிடம் தொடையின் பெரிய தசைகளுடைய வேலையை ஒப்படைப்பதில் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

மார்ச் 4

குழுவில் இன்னொருவர் நீள்வட்டச் செயின்ரிங் (கிராங்கோடு சுழன்று சங்கிலியை இழுக்கும் பல்சக்கரம்) மாட்டிய அன்றே தம் மீட்டர் கூடுதல் வாட் காட்டியதாகச் சொன்னார். பிராட்லி விக்கின்ஸ் 2012-இல் டூர் டி பிரான்ஸை வென்றபோது இத்தகைய செயின்ரிங்கைத்தான் பயன்படுத்தினார் என்பதால் இதற்கு மவுசு அதிகம். ஆனால் சுற்றுக்கு ஒரு முறை மட்டும் வேகத்தை அளக்கும் கிராங்க் மீட்டர், சுற்று முழுவதும் வேகம் ஒன்றே என்று வைத்துக்கொண்டு பெருக்குகிறது. நீள்வட்டத்தில் விசை மிகும் இடத்தில் கிராங்க் மெதுவாகச் சுழல்வதால், பெருக்கி வரும் எண் உண்மையைவிடச் சில சதவீதம் கூடிவிடும். காலுக்கு வலு ஏறுவதற்கு முன்பே கணக்கில் ஏறிவிட்டது. பின்சக்கர அச்சில் அளந்து பாருங்கள் என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

மார்ச் 11

நம்பிக்கையின் பங்கையும் தள்ளிவிட முடியாது. 2006-இல் வந்த ஒரு சோதனையில், வெறும் போலி மாத்திரையைத் தந்துவிட்டு அதில் அதிக அளவு காஃபின் இருப்பதாகச் சொன்னதும் ஓட்டுநர்களின் வாட் சுமார் 3 சதவீதம் உயர்ந்தது. பணம் கொடுத்து வாங்கிய கருவிக்கும் அதே ஆற்றல் உண்டு.

மார்ச் 21

முடிவுச் சோதனை முடிந்தது. திரையில் ஓடும் வாட்டை இருவருக்கும் மறைத்துவிட்டேன். தம்பி 256, மற்றவர் 261. இருவரின் ஏற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு 2 வாட்தான். அது அளவீட்டுப் பிழைக்குள் அடங்குவதால், சாதாரணக் கிராங்க் வென்றது என்றும் நான் சொல்லமாட்டேன். பெடலின் விசை வரைபடத்தில் தம்பியின் ஏறும் கால் முன்பைவிடக் குறைவாகவே எதிர்த்து அழுத்துகிறது. கருவி கற்றுத்தந்ததை அவர் கற்றிருக்கிறார்; அது வாட்டாக மாறவில்லை.

விற்றுவிடட்டுமா என்று கேட்டார். மெதுவாக ஓட்டும் நாள்களில் மாட்டிக்கொள்ள ஆசையிருந்தால் தடையில்லை, கடுமையான இடைவெளிப் பயிற்சிகளுக்கு மட்டும் சாதாரணக் கிராங்கே என்று சொல்லி, அடுத்த மாத அட்டவணையிலும் அப்படியே எழுதிவிட்டேன்.