வாளில் இருந்த 1211

கைப்பிடியை ஒட்டி அலகில் தங்கக் கம்பி பதித்து 1211 என்று இருந்தது. நாம் எழுதுகிற அதே எண்கள். பாரிஸில் அதை விற்ற கடைக்காரர் வாய் கூசாமல் ‘பதின்மூன்றாம் நூற்றாண்டு’ என்றார். நானும் 900 யூரோவை எண்ணிக் கொடுத்தேன்.

மொராக்கோ வாள் என்பதில் சிக்கல் இல்லை. கைக்காப்புக் கம்பிகள் அலகுப் பக்கம் வளைந்து நிற்பது, நிம்சா என்கிற மொராக்கோ வாளின் அடையாளங்களில் ஒன்று. எந்த ஊர், எந்த ஆண்டு என்பதற்குத்தான் அவ்வளவு அலைச்சல்.

முதலில் ஓர் அருங்காட்சியகத்துக்குத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். காவலர் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். முன்பே எழுதிக் கேட்டு, படங்களை மட்டும் கொண்டுவர வேண்டுமாம். ஒரு நாள் லீவு போச்சு. நீங்களும் வாளைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள்.

எண்ணுக்கு மேலே ஒரு சொல் இருந்தது. தெருமுனை மளிகைக்கடையில் சிரியாக்காரர் ஒருவர் அதை ‘பாஸ்’ என்று படித்தார். போர்வலிமை என்று பொருளாம். வாளுக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது! இரண்டு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அப்புறம் மொராக்கோ ரொட்டிக்கடைப் பெரியவர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கி, முதல் எழுத்தின் அடியிலிருந்த ஒற்றைப் புள்ளியைச் சுண்டுவிரலால் காட்டினார். மற்ற அரபு நாடுகளில் ‘ஃப’வுக்குப் புள்ளி மேலே, கீழே இருந்தால் ‘ப’; அவர்கள் ஊர்ப் பழைய எழுத்திலோ ‘ஃப’வுக்கே கீழே. ஆக அது ஃபாஸ், மொராக்கோவின் ஃபெஸ் நகரம். (தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’வை வைத்து ஒப்பேற்றிவிடுவோம்.) 1211ஐச் சொன்னதும் சிரித்துவிட்டார். இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டாம்! கி.பி. 1796-97, சுல்தான் மவுலாய் சுலைமான் காலம். மொராக்கோ பக்கம் எண்களை இந்த வடிவில்தான் எழுதுவார்கள், கிழக்கே வேறு. என் வாளுக்கு ஒரே நொடியில் 585 வயது குறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரத்தது. நல்லவேளை, செய்யவில்லை, புளிப்பு பட்டால் இருக்கிற எழுத்தும் போய்விடும். எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி, விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். கறுப்புக்கடியிலிருந்து ரோமன் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன: ‘நோ மே சாக்கெஸ் சின் ரஸோன்’. காரணமின்றி என்னை உருவாதே. மறுபக்கம், மானமின்றி உறையில் போடாதே. ஸ்பானிய வாள்களில் அடிக்கடி காணும் வாசகம். மொராக்கோவில் ஐரோப்பிய அலகு வாங்கித் தங்கள் பிடியைப் போட்டுக்கொள்வது அந்தக் காலத்தில் சகஜம்.

கடைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, “இரண்டு நாட்டுச் சரக்கா? அப்படியென்றால் உங்களுக்குக் குறைத்தல்லவா கொடுத்துவிட்டேன்” என்றார்.