மூன்றாவது லிட்டர்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு மரம் அறுக்கும் செயின் சாவின் கயிற்றைப் பிடித்தவன் இருட்டும்வரை விடவில்லை. ஐந்து டேங்க் பெட்ரோல் போயிருக்கும். கிளையெல்லாம் கழித்தாச்சு, அடிமரம் பாதி. கடைசி ஒரு மணி நேரம் மெஷின் மெஷினாகவே இல்லை. ஐட்லிங்கில் சமர்த்தாக நிற்கிறது. ரேஸ் கொடுத்தால் 'ப்பூ' என்று அமுங்கி அணைந்துவிடுகிறது. சூட்டோடு இழுத்தால் கிளம்பவே மாட்டேன் என்கிறது. நானும் விட்டேனா? அரை ரேஸில் வைத்து, அமுங்கும்போது விட்டு, மறுபடி கொடுத்து, இன்னும் இரண்டு துண்டு எடுத்துவிட்டுத்தான் கீழே வைத்தேன்.

ஜூன் 4, புதன்

முதல் இழுவையிலேயே கிளம்பிவிட்டது. நேற்று நடந்தது தனக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி.

ஜூன் 5, வியாழன்

இருபது நிமிடம்தான். மறுபடி அதே அமுங்கல், அதே அணைதல். அரை மணி ஆறவிட்டால் ஓடுகிறது.

சுத்தம்தான் முதலில் என்று உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தால் ஏர் ஃபில்டர் தெரியவில்லை, மரத்தூள் மெத்தைதான் தெரிந்தது. தட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் வைத்திருக்கிறேன். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையில் தூளும் எண்ணெயும் சேர்ந்து களிமண்ணாக இறுகியிருந்தது. மரக்குச்சியால் கிண்டினால் தகட்டின் அச்சு அப்படியே பதிந்த பாளமாக வருகிறது. காற்று எங்கே போகும், சூடு எங்கே இறங்கும்?

சங்கிலியும் மழுங்கியிருக்கிறது. கூரான சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளும். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் வந்ததெல்லாம் மாவு. மாவு வந்தபோதே நிறுத்தி அரம் போட்டிருக்க வேண்டும். நான் உடம்பைப் போட்டு அழுத்தினேன்.

ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு. வேலை முடிந்தபோது மனசு கொஞ்சம் அடங்கியிருந்தது.

இரவு, அதே நாள்

மூன்றாவது லிட்டரில் எண்ணெய் ஊற்றினேனா?

ஜூன் 6, வெள்ளி

தூக்கமில்லை. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்), ஐம்பதுக்கு ஒன்று. ஊசி போடாத சிரிஞ்சில் அளந்து, பாட்டிலில் விட்டுக் குலுக்கி ஊற்றுகிறேன். முதல் லிட்டர் நினைவிருக்கிறது, இரண்டாவதும் இருக்கிறது. மூன்றாவது கலக்கும்போது போன் வந்தது. பேசிக்கொண்டே மூடியைத் திருகியது ஞாபகம் இருக்கிறது. சிரிஞ்சைப் பிடித்தது ஞாபகம் இல்லை.

இந்த எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு போகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் எல்லாமே. அது இல்லையென்றால் அலுமினியம் இழைந்து சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டிலின் அடியில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, பக்கத்திலேயே வெறும் பெட்ரோல் ஒரு சொட்டு. வெறும் பெட்ரோல் பறந்துபோய்த் தாள் தாளாகிவிட்டது. மற்றதில் காசளவு எண்ணெய்க் கறை நின்றது. அப்பாடா என்று எழுந்தேன். கை கழுவும்போது தோன்றியது: முந்தின இரண்டு லிட்டரின் எண்ணெய் பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால்கூட இந்தக் கறை வருமே.

ஜூன் 7, சனி

அண்ணன் போன். "மெஷின் எப்படிடா இருக்கு?" "நல்லா ஓடுதுண்ணே." 15ஆம் தேதி வருகிறானாம்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு முட்டாள்தனம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரில், முழு ரேஸுக்கான பெட்ரோலை அளக்கும் 'ஹெச்' என்று போட்டிருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பினேன். எத்தனை சுற்று என்று குறித்து வைக்கவில்லை. வலது பக்கம் திருப்பியதும் சத்தம் மெல்லிசாகி 'ங்ஙீ' என்று ஏறியது. ஆஹா, வேகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பெட்ரோல் பட்டினியில் வருகிற சத்தம் அது. சுமையில்லாமல் முழு ரேஸ் கொடுத்தால் லேசாகத் தடதடக்க வேண்டும். மரத்தில் இறங்கிய பிறகுதான் அந்தத் தடதடப்பு போய் ஒரே சீராக வர வேண்டும்.

அழுத்தாமல் மெதுவாக மூடி, புத்தகத்தில் போட்டிருக்கும்படி ஒரு சுற்று திறந்து வைத்துவிட்டேன். இனி கடைசி வரை அதைத் தொடுவதில்லை.

ஜூன் 9, திங்கள்

ப்ளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலாக இருக்குமோ? சூடேறினால் மட்டும் படுத்துக்கொள்ளும் காயில் உண்டு. வேண்டுமென்றே ஓட்டி, அணைந்த நிமிடமே ப்ளக்கைக் கழற்றினேன், கையுறையோடு. மெஷினை பெட்ரோல் கேனை விட்டு நன்றாகத் தள்ளிக் கொண்டுபோய் வைத்து, ப்ளக்கை உலோகத்தில் ஒட்டிப் பிடித்துக் கயிறு இழுத்தால் நீலமாகப் பட் பட்டென்று தீப்பொறி. காயில் மேல் குற்றமில்லை.

ஆனால் ப்ளக்கின் முனை. தேங்காய் ஓட்டு நிறத்தில் இருக்க வேண்டியது வெளுத்துப்போய் இருக்கிறது. காற்று நிறைய, பெட்ரோல் குறைச்சல். சூட்டில் ஓடியிருக்கிறது.

மூன்றாவது லிட்டரில் எண்ணெயே இல்லையென்றால் முக்கால் மணி நேரம் ஓடியிருக்காது, அன்றைக்கே பிஸ்டன் ஒட்டிப் பிடித்திருக்கும். பகலில் இந்தக் கணக்கு நிற்கிறது. ராத்திரியில் நிற்பதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். ஒன்று உறுத்தியது. டேங்க் நிரப்பினவுடனே எப்போதும் ஒழுங்காக ஓடுகிறது, மெஷின் எவ்வளவு சூடாக இருந்தாலும். சூடுதான் காரணமென்றால் அது நடக்கக் கூடாதே!

இன்று அணைந்ததும் ஆறவிடவில்லை. டேங்க் மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த தூளைப் பார்த்துக்கொண்டே கால் திருகு திருகினேன். சூட்டில் பெட்ரோல் பீய்ச்சியடிக்கலாம் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. வெளியே ஒன்றும் வரவில்லை. 'ஸ்ஸ்' என்று ஒரு இழுப்பு. விளிம்பில் இருந்த தூள் ஒரு கோடாக நகர்ந்து உள்ளே போனது. மூடியை மாட்டிக் கயிறு இழுத்தேன். இரண்டாவது இழுவையில் கிளம்பி முழு ரேஸில் நின்றது.

டேங்குக்கு மூச்சில்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கென்று இருக்கும் சின்ன வென்ட்டில் தூளும் எண்ணெயும் அப்பியிருக்கிறது. உள்ளே வெற்றிடம், கார்ப்பரேட்டர் உறிஞ்சினாலும் பெட்ரோல் வருவதில்லை. இத்தனை நாளும் ஆறியதால் ஓடுகிறது என்று நினைத்தேனே, அந்த அரை மணியில் டேங்க் எங்கிருந்தோ கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது.

வென்ட்டைக் கழற்றிக் கழுவியாச்சு. அதோடு டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரையும் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு, எலிவால் நிறம். புதிது போட்டேன்.

ஜூன் 11, புதன்

இரண்டு டேங்க் முழுசாக. ஒரு தடவைகூட அணையவில்லை. அடிமரம் முடிந்தது. நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகுதான் அணைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். முழு ரேஸில் மட்டும் கடைசி இழை வேகம் வரவில்லை. சைலன்சருக்குள் இருக்கும் வலையில் கரி அடைத்திருக்கும், அதுதான் மிச்சம். அதைச் சுத்தம் செய்ய சைலன்சரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பின்னாலேயே பிஸ்டன் தெரியும்.

நாளைக்கு.

ஜூன் 12, வியாழன்

கழற்றவில்லை. வேறு வேலை இருந்தது. (இல்லை.)

கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சரசரவென்று இறங்கவில்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கும் போலத்தான்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டே போல்ட். ஒன்பது நாளாக இதற்குத்தான் பயந்தேன்.

வலையில் பாதிக் கண் கரியால் மூடியிருந்தது, பிரஷ் போட்டதும் திறந்துகொண்டது. அப்புறம் டார்ச். கயிற்றை விரலளவு விரலளவாக இழுத்துப் பிஸ்டனை மேலே கொண்டுவந்தேன். கடைசலில் விழுந்த மெல்லிய குறுக்கு வரிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ரிங் பளபளவென்று இருக்கிறது, தட்டைக் குச்சியால் தள்ளினால் அசைகிறது. ஆனால் இடது ஓரத்தில் நெடுக்காக இரண்டு கோடு. அந்தக் குச்சியையே மேலே ஓட்டினேன், தடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது.

விடாமல் கார்ப்பரேட்டரையும் கழற்றி எதிர்ப்பக்கம் பார்த்தேன். எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் பெரும்பாலும் சுற்றிலும் கீறியிருக்கும். பெட்ரோல் பட்டினியில் சூடேறியதென்றால் புகை போகும் பக்கம்தான் முதலில் அடி வாங்கும், அங்கேதான் சூடு அதிகம். எதிர்ப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஆக, மூன்றாவது லிட்டரில் ஊற்றியிருக்கிறேன். போனில் பேசிக்கொண்டே கை தன் பாட்டுக்கு ஊற்றியிருக்கிறது.

அந்த இரண்டு கோடு கடைசி ஒரு மணி நேரத்துடையது. இரண்டு துண்டு மரத்துக்கு.

ஜூன் 14, சனி

அண்ணன் ஒரு நாள் முன்னதாகவே வருகிறான், கிளம்பிவிட்டானாம். கார்ப்பரேட்டரை மாட்டிவிட்டேன். சங்கிலிக்கு அரம் போட்டு, அது ஓடும் பாரைத் திருப்பிப் போட்டு, சங்கிலிக்கான எண்ணெய் நிரப்பித் துடைத்து வைத்திருக்கிறேன்.

சைலன்சரை மாட்டவில்லை. இரண்டு போல்ட்டும் அதன் பக்கத்திலேயே, துணி மேல். டார்ச்சும்.